பட்டத்தை உதறிய டோனி பென் வாரிசு அரசியல்வாதியா?

கேட்டவர் சுருக்கமாகத்தான் கேட்டிருக்கிறார்: "டோனி பென் பிரபுப் பட்டம் வேண்டாமென்று பிரிட்டனில் சட்டத்தையே மாற்ற வைத்தார் என்கிறார்கள். ஆனால் அப்பா மந்திரி, தாத்தாக்கள் இருவரும் எம்.பி., மகன் மந்திரி. மூத்த மகனோ அதே பட்டத்தோடு பிரபுக்கள் சபைக்கே போய்விட்டார். அப்புறம் என்ன புரட்சி?" பரம்பரையை எதிர்த்த இந்த லேபர் கட்சி அரசியல்வாதி பரம்பரையால் பலன் பெற்றாரா, பெற்றிருந்தால் அந்த எதிர்ப்பு வெறும் வேஷமா என்பதுதான் உண்மையில் இவர் கேட்பது. பிரிட்டிஷ் அரசியலமைப்பைக் கல்லூரியில் பல வருடம் பாடம் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன். பலன் பெற்றார், அதில் சந்தேகமே இல்லை. வேஷம் இல்லை என்பதும் ஏறக்குறைய நிச்சயம். இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்று சொல்லக் கொஞ்சம் விரிவாகப் போக வேண்டியிருக்கிறது.

முதலில் குடும்பம். தந்தைவழித் தாத்தா ஜான் பென், 1892இல் கிழக்கு லண்டனில் லிபரல் எம்.பி. ஆனவர், லண்டன் கவுன்டி கவுன்சிலிலும் பெரும்புள்ளி. தாய்வழித் தாத்தா டேனியல் ஹோம்ஸ், கிளாஸ்கோவின் கோவன் தொகுதிக்கு லிபரல் எம்.பி. அப்பா வில்லியம் வெட்ஜ்வுட் பென் 1906இல் முதன்முதலாக ஜெயித்தது, தன் அப்பா ஒரு காலத்தில் வைத்திருந்த அதே கிழக்கு லண்டன் தொகுதியில். ஆக, 'தொகுதி கைமாறியது' என்ற குற்றச்சாட்டை யாரேனும் வைக்க விரும்பினால் டோனியின் மேல் அல்ல, அவருடைய அப்பாவின் மேல் வைக்கலாம். ஆனால் அந்த அப்பா லேசுப்பட்ட ஆள் இல்லை. 1927இல் லிபரல் கட்சியை விட்டு லேபர் கட்சிக்குப் போனபோது, லிபரலாக ஜெயித்த பதவியில் தொடர்வது முறையில்லை என்று எம்.பி. பதவியையும் ராஜினாமா செய்தார். மறு வருடம் வேறொரு ஊரில், வடக்கு அபர்டீன் இடைத்தேர்தலில் நின்று திரும்பி வந்தார். கட்சி தாவினாலும் பதவியை விடாதவர்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இது கொஞ்சம் வினோதமாகத்தான் இருக்கும்.

இதே வில்லியம்தான் 1929 முதல் 1931 வரை லண்டனில் 'இந்தியா மந்திரி'. தண்டி யாத்திரை, முதல் வட்டமேஜை மாநாடு, காந்தி–இர்வின் ஒப்பந்தம் எல்லாம் அவர் காலத்தில் நடந்தவை. வேதாரண்யத்தில் ராஜாஜி உப்பெடுத்துச் சிறை போனபோது, இந்தியாவுக்குப் பொறுப்பாக பிரிட்டிஷ் அமைச்சரவையில் உட்கார்ந்திருந்தவர் இவர். 1931 கடைசியில் காந்தி இரண்டாம் வட்டமேஜை மாநாட்டுக்கு லண்டன் வந்தபோது இவர் பதவியில் இல்லை. ஆனால் ஆறு வயது டோனி அப்போது காந்தியைச் சந்தித்தார். கடைசிக் காலம் வரை அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். 1925 ஏப்ரல் 3 அன்று அவர் பிறந்த வீடு தேம்ஸ் கரையில் மில்பேங்கில், நாடாளுமன்றத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்தது. அம்மா மார்கரெட் பைபிளை ஆழ்ந்து படித்தவர், பெண்களும் பாதிரியாராகலாம் என்று போராடியவர். பைபிள் கதைகளில் ராஜாக்களுக்கும் தீர்க்கதரிசிகளுக்கும் சண்டை வரும்போது தீர்க்கதரிசிகளின் பக்கம் நில் என்று அம்மா சொல்லிக் கொடுத்ததாக டோனி பலமுறை சொல்லியிருக்கிறார்.

பட்டம் எப்படி வந்தது என்பதிலிருந்துதான் கதை சூடுபிடிக்கிறது. பென் குடும்பம் பழைய ஜமீன் வம்சம் அல்ல. போர்க்காலத்தில் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையில் லேபர் கட்சிக்கு ஆள் போதவில்லை. அதற்காக 1942இல் வில்லியமுக்கு விஸ்கவுண்ட் ஸ்டான்ஸ்கேட் என்ற பட்டம் கொடுத்து அங்கே அனுப்பினார்கள். அது பரம்பரைப் பட்டம். ஆயுளோடு முடிகிற பட்டம் என்ற ஏற்பாடு 1958 சட்டத்துக்குப் பிறகுதான் பரவலாக வந்தது. ஏற்றுக்கொள்ளுமுன் வில்லியம் மூத்த மகன் மைக்கேலைக் கேட்டார். மைக்கேலுக்குப் பாதிரியார் ஆவதில்தான் ஆசை, ஓட்டில் ஜெயித்த எம்.பி.க்கள் உட்காரும் காமன்ஸ் சபைக்குப் போகும் எண்ணமே கிடையாது. ஆகவே சரி என்றார். இரண்டாவது மகன் டோனியைக் கேட்க வேண்டிய அவசியம் யாருக்கும் தோன்றவில்லை. 1944இல் மைக்கேல் விமானப்படையில் இறந்துபோனார். ஒரே நாளில் டோனி வாரிசாகிவிட்டார், அதுவும் தன்னைக் கேட்காமல் எடுத்த ஒரு முடிவுக்கு.

இதில் என்ன கஷ்டம், கிடைத்த பட்டத்தை வைத்துக்கொண்டு போகலாமே என்று நினைப்பவர்களுக்காக அந்தச் சட்டம் எப்படி வேலை செய்தது என்று சொல்கிறேன். பரம்பரைப் பிரபு பிரபுக்கள் சபை உறுப்பினர். காமன்ஸில் உட்காரத் தகுதியற்றவர். அப்பா கண்ணை மூடிய அந்த நிமிடமே பட்டம் மகன் தலையில் இறங்கிவிடும். மனு போட வேண்டாம், பதவி ஏற்க வேண்டாம், சபைக்குப் போகாமலே இருக்கலாம். ஆனாலும் அவர் பிரபுதான். மறுக்க வழியே கிடையாது. டோனி 1950இல், உடல்நலம் கெட்டு விலகிய ஸ்டாஃபோர்ட் கிரிப்ஸின் தொகுதியான தென்கிழக்கு பிரிஸ்டலில் இடைத்தேர்தலில் ஜெயித்து எம்.பி. ஆகியிருந்தார். ஆம், 1942இல் இந்தியாவுக்குத் தூது வந்த அதே கிரிப்ஸ். அன்று முதல் பத்து வருடம், அப்பாவின் ஆயுள் எவ்வளவோ அவ்வளவுதான் மகனின் பதவிக்காலமும். அப்பா இருக்கும்போதே பட்டத்தைத் துறக்க 1955இல் ஒரு தனிச் சட்டமுன்வரைவு கொண்டுவந்து பார்த்தார், பலிக்கவில்லை. அப்படிப்பட்ட உரிமை மகன்களுக்கு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவர்களில் ஒருவர் வின்ஸ்டன் சர்ச்சில்.

1960 நவம்பர் 17 அன்று அப்பா இறந்தார். தொகுதி காலி என்று அறிவித்தார்கள். 1961 மே 4 அன்று நடந்த இடைத்தேர்தலில், தகுதியில்லை என்று தெரிந்தும் டோனியே வேட்பாளராக நின்றார். அவருக்கு 23,275 ஓட்டு. கன்சர்வேட்டிவ் வேட்பாளர் மால்கம் செயின்ட் கிளேருக்கு 10,231. வித்தியாசம் முந்தைய பொதுத்தேர்தலைவிட இரண்டு மடங்குக்கு மேல். சில நாளில் காமன்ஸ் சபைக்குப் போனார். வாசலில் நின்ற காவலர், சபாநாயகர் உத்தரவு, உள்ளே விட முடியாது என்றார். மீறி நுழைந்தால் பலவந்தமாகத் தடுப்பீர்களா என்று டோனி கேட்டார். தடுப்பேன் என்று மரியாதையாகவே பதில் வந்தது. திரும்பிப் போனார். வழக்கு இரண்டு நீதிபதிகள் கொண்ட தேர்தல் நீதிமன்றத்துக்குப் போனது. வக்கீல் வைக்காமல் டோனியே வாதாடினார், தோற்றார். அவருக்கு ஓட்டுப் போட்டால் செல்லாது என்று வாக்காளர்களுக்கு முன்கூட்டியே எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. ஆகவே அந்த ஓட்டுகள் வீண், அடுத்து வந்தவர்தான் எம்.பி. என்று தீர்ப்பு. பதிமூன்றாயிரம் ஓட்டில் தோற்றவர் சபையில் உட்கார்ந்தார். இதில் இன்னொரு வேடிக்கை, அந்த செயின்ட் கிளேரும் ஒரு பிரபுப் பட்டத்துக்கு வாரிசுதான். அவருடைய முறை வரவில்லை, அவ்வளவே.

அவமானம் அரசாங்கத்துக்குத்தான் என்று கன்சர்வேட்டிவ் பிரதமர் மெக்மில்லனின் ஆட்சிக்குப் புரிய இரண்டு வருடம் பிடித்தது. 1963 ஜூலை 31 மாலை ஆறு மணியளவில், பட்டத்தைத் துறக்க வழிசெய்யும் புதிய சட்டத்துக்கு அரச ஒப்புதல் கிடைத்தது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை, பட்டத்தைத் துறந்த முதல் ஆளாக டோனி கையெழுத்துப் போட்டார். சட்டம் மாறினால் விலகுவேன் என்று சொன்ன சொல் தவறாமல் செயின்ட் கிளேரும் விலகினார். ஆகஸ்ட் 20 இடைத்தேர்தலில் டோனி மறுபடி எம்.பி. இந்தச் சட்டத்தின் உள்ளே ஒளிந்திருக்கும் ஒரு விஷயத்தை மாணவர்களிடம் நான் தவறாமல் சொல்வேன். அரசாங்கம் இதை அடுத்த பொதுத்தேர்தலிலிருந்து அமலாக்கத்தான் நினைத்திருந்தது. உடனே அமலாகட்டும் என்று திருத்தியது பிரபுக்கள் சபை. அந்தத் திருத்தம் இல்லாவிட்டால், மூன்று மாதத்தில் மெக்மில்லன் உடம்பு முடியாமல் விலகியபோது, ஹோம் பிரபு தன் பட்டத்தை விட்டுவிட்டு அலெக் டக்ளஸ்-ஹோம் என்ற பெயரில் பிரதமராகக் காமன்ஸுக்கு வந்திருக்க முடியாது. லேபர்காரர் போராடி வாங்கிய கதவு வழியாக முதலில் பெரிய லாபம் பார்த்தது கன்சர்வேட்டிவ் கட்சி.

அந்த 1963 கோடையைப் பற்றி இன்னொன்று. பிரிஸ்டலில் பஸ் கம்பெனி கறுப்பினத்தவர்களையும் ஆசியர்களையும் டிரைவர், கண்டக்டர் வேலைக்கு எடுப்பதில்லை என்று வெளிப்படையாகவே வைத்திருந்தது. ஏப்ரல் கடைசியில் பால் ஸ்டீஃபன்சனும் மேற்கிந்தியத் தீவு இளைஞர்களும் பஸ் புறக்கணிப்பைத் தொடங்கினார்கள். அப்போது டோனி எம்.பி. அல்ல, வேண்டாமென்றாலும் சட்டப்படி ஒரு விஸ்கவுண்ட். ஆனாலும் சைக்கிள் தேடிப் பிடித்தாவது போவேன், பஸ்ஸில் ஏறமாட்டேன் என்று பகிரங்கமாகச் சொன்னார். ஆகஸ்ட் 28 அன்று கம்பெனி பணிந்தது. செப்டம்பரில் வேலைக்குச் சேர்ந்த முதல் வெள்ளையரல்லாத கண்டக்டர் ரக்பீர் சிங் என்ற சீக்கியர். போராட்டம் ஸ்டீஃபன்சனுடையது, டோனியுடையது அல்ல. அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆனால் உள்ளூர்த் தொழிற்சங்கமே அந்த நிறத்தடைக்கு ஆதரவாக நின்ற ஊரில், தொழிற்சங்கக் கட்சிக்காரர் ஒருவர் எதிர்ப்பக்கம் நின்றது சாதாரணம் இல்லை.

மந்திரிப் பதவிக்காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1964இல் தபால் மந்திரி. தபால் தலையிலிருந்து ராணியின் முகத்தை எடுத்துவிடலாமா என்று பார்த்தார். ராணி மறுக்கவில்லை, ஆனால் அரண்மனையும் பிரதமர் வில்சனும் நழுவிவிட்டார்கள். கடைசியில் ஓரத்தில் சின்ன நிழலுருவமாக அது நின்றது. 1966 முதல் 1970 வரை தொழில்நுட்ப மந்திரி. கான்கார்ட் விமானத்தின் விடாப்பிடி ஆதரவாளர். இந்தக் கட்டத்தில் அவர் தீவிர இடதுசாரி அல்ல, இயந்திரங்களை நம்பிய ஒரு நவீனவாதி. மந்திரியாக இருந்து அனுபவப்பட்ட பிறகுதான் இடதுபுறம் நகர்ந்தார். வயதானால் பக்குவம் வரும், இவருக்கு வந்த பக்குவமும் போகிறது என்கிற பொருளில் வில்சன் கிண்டலடித்தது இதைத்தான். 1974இல் தொழில் மந்திரி. ஐரோப்பியப் பொதுச் சந்தையில் இருப்பதா வேண்டாமா என்பதை மக்களே நேரடியாகச் சொல்லட்டும் என்று முதலில் வற்புறுத்தியவர்களில் அவர் முக்கியமானவர். 1975 ஜூனில் அந்த வாக்கெடுப்பு நடந்தது. மூன்றில் இரண்டு பங்கு மக்கள் இருக்கலாம் என்றார்கள். அவரோ, பிரிட்டன் வெளியேற வேண்டும் என்ற பக்கம். தோற்றார், முடிவை ஏற்றார், வில்சன் அவரை எரிசக்தித் துறைக்கு மாற்றினார்.

என் பார்வையில் 1961 வழக்கையும் 1975 வாக்கெடுப்பையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். ஓட்டுப் போட்டவர்களிடமிருந்துதான் எம்.பி.க்கு அதிகாரம் வருகிறது. அதை அவர் வேறு யாருக்கும் தூக்கிக் கொடுக்க முடியாது, அவரிடமிருந்து ரத்த உறவின் பெயரால் யாரும் பிடுங்கவும் முடியாது என்பது அவருடைய அடிப்படை வாதம். அதனால்தான் அந்தப் பட்டப் போரை 'லார்டு வேண்டாம் என்ற பணக்கார வீட்டுப் பிள்ளையின் அடம்' என்று சுருக்குவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. அதே சமயம், அதில் சுயநலமே இல்லை என்று அவர் ரசிகர்கள் சொல்வதையும் ஏற்க மாட்டேன். காமன்ஸ் பதவி போனால் பிரதமராகும் வாய்ப்பும் போயிற்று. அது அவருக்கு நன்றாகத் தெரியும். கொள்கையும் ஆசையும் ஒரே திசையில் இழுத்தன. எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் அவருடைய நாட்குறிப்புகள். அவை அவரே தினமும் ஒலிநாடாவில் பேசிப் பதிந்தவை. அன்றன்று சொன்னவை என்பது அவற்றின் பலம். சொன்னவர் அவரே என்பது பலவீனம்.

அதிகம் சர்ச்சையான இடம் 1981. லேபர் கட்சியின் துணைத் தலைவர் தேர்தலில் டெனிஸ் ஹீலியிடம் ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் தோற்றார். சாதாரண உறுப்பினர்கள் பக்கம் அவருக்குப் பெரிய ஆதரவு, எம்.பி.க்கள் கைவிட்டார்கள், நீல் கின்னக் உட்பட இடதுசாரி எம்.பி.க்கள் சிலர் இரண்டாம் சுற்றில் யாருக்கும் ஓட்டுப் போடாமல் ஒதுங்கினார்கள். நடந்தது இது, இதில் மாற்றுக் கருத்து இல்லை. இந்தச் சண்டைதான் கட்சியை உடைத்தது, 1983 தோல்விக்கு இவர்தான் காரணம் என்பது வேறு வகை வாக்கியம். அதை உறுதியாகச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. கட்சியிலிருந்து பிரிந்தவர்கள் அந்தத் துணைத் தலைவர் தேர்தலுக்குப் பல மாதம் முன்பே, 1981 மார்ச்சில், தனிக் கட்சி ஆரம்பித்துவிட்டார்கள். ஃபாக்லாந்து போர் வேறு நடுவில் வந்தது. ஆனால் இவருடைய பிடிவாதம் காயத்தை ஆறவிடவில்லை என்பது வரை நானும் ஒப்புக்கொள்கிறேன். 1983இல் லேபருக்குக் கிடைத்தது 27.6 சதவீத ஓட்டு. தொகுதி மறுவரையறையில் பழைய தொகுதி போய், கிழக்கு பிரிஸ்டலில் நின்று அவரும் தோற்றார். அதன் விளைவு பெரிது: அடுத்து நடந்த தலைவர் தேர்தலில், எம்.பி. இல்லாததால் போட்டியிடவே முடியவில்லை. கின்னக் தலைவரானார். 1984இல் செஸ்டர்ஃபீல்டு இடைத்தேர்தலில் ஜெயித்துத் திரும்பினார், ஆனால் அந்த ரயில் போய்விட்டது.

இப்போது வாரிசு விவகாரத்துக்கு வருகிறேன். தொகுதியை அவர் அப்பாவிடமிருந்து வாங்கவில்லை, மகனுக்குக் கொடுக்கவும் இல்லை. மகன் ஹிலரி பென் வடக்கு ஈலிங்கில் 1983, 1987 இரண்டு முறை நின்று தோற்றவர். 1999 இடைத்தேர்தலில்தான் லீட்ஸ் நகரில் ஜெயித்து எம்.பி. ஆனார். பேத்தி எமிலி 2010, 2015 தேர்தல்களில் நின்று தோற்றார். குடும்பப் பெயர் ஒருவரை வேட்பாளர் ஆக்கலாம், ஓட்டு வாங்கித் தராது. ஆனால் பெயரால் எதுவுமே கிடைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். சாப்பாட்டு மேஜையில் மந்திரிகள் பேசுவதைக் கேட்டு வளர்ந்த பையனுக்கு, இருபத்தைந்து வயதில் எம்.பி. ஆவது இயல்பான காரியமாகத் தோன்றும். சுரங்கத் தொழிலாளியின் பையனுக்குத் தோன்றாது. ஆக்ஸ்ஃபோர்டு, அங்குள்ள யூனியன் என்ற விவாத மன்றத்தின் தலைவர் பதவி, கட்சிப் பெரியவர்களின் அறிமுகம் எல்லாம் அந்த மேஜையிலிருந்து கிளைத்தவை. சட்டம் போட்டு இதைத் துறக்க முடியாது. அதுவரை வழங்கிய ஆண்டனி வெட்ஜ்வுட் பென் என்ற பெயரை எழுபதுகளில் வெறும் டோனி பென் ஆக்கிக்கொண்டதைப் பத்திரிகைகள் கேலி செய்தன. அந்தக் கேலியில் கொஞ்சம் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன்.

மகன் அப்பாவின் நகல் அல்ல என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்பா 2003இல் இராக் போரை எதிர்த்து பாக்தாத் வரை போய் சதாம் உசேனைப் பேட்டி கண்டவர். மகன் அதே வருடம் பிளேரின் அமைச்சரவையில் சேர்ந்தார். 2015 டிசம்பரில் சிரியாவில் குண்டு வீச ஆதரவாக ஹிலரி பேசிய பேச்சுக்கு இரு தரப்பும் கைதட்டியது. ஐரோப்பாவை விட்டு வெளியேற வேண்டும் என்று 1975 வாக்கெடுப்பில் அப்பா வாதாடினார். ஒப்பந்தமில்லாமல் வெளியேறுவதைத் தடுக்க 2019இல் வந்த சட்டத்துக்கு மகனின் பெயரே நிலைத்துவிட்டது, பென் சட்டம் என்று. 2024இலிருந்து வட அயர்லாந்துக்கான மந்திரி.

டோனி என்ற ஆளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பைப், ஓயாத டீ, மேலே சொன்ன ஒலிநாடாக் கருவி. நிருபர்கள் பேட்டிக்கு வந்தால், திரித்து எழுதிவிடக் கூடாது என்று தன் டேப் ரெக்கார்டரையும் பக்கத்தில் வைத்து ஓடவிடுவார். 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இரவில், பெண்ணுரிமைப் போராளி எமிலி டேவிசன் நாடாளுமன்றத்தின் அடித்தளத் தேவாலயத்துத் துடைப்ப அறைக்குள் ஒளிந்திருந்தார், தன் முகவரி காமன்ஸ் சபை என்று பதிவாக வேண்டும் என்பதற்காக. அந்த அறைக் கதவின் உட்புறம் நினைவுப் பலகையைத் தன் கையாலேயே திருகாணி போட்டு மாட்டியவர் டோனி. 2001இல் எம்.பி. பதவியிலிருந்து ஓய்வு பெறும்போது, அரசியலுக்கு அதிக நேரம் ஒதுக்கப் போகிறேன் என்றார். அந்த யோசனை மனைவி கரோலினுடையது. அதிகாரத்தில் இருக்கும் எவரிடமும் ஐந்து கேள்வி கேட்கச் சொன்னார்: உன்னிடம் என்ன அதிகாரம் இருக்கிறது, அது எங்கிருந்து வந்தது, யாருக்காகப் பயன்படுத்துகிறாய், யாருக்குப் பதில் சொல்ல வேண்டும், உன்னை எப்படி நீக்குவது? 2014 மார்ச் 14 அன்று இறந்தார். உடலை ஓர் இரவு அதே அடித்தளத் தேவாலயத்தில் வைத்திருந்தார்கள். அதற்கு முந்தைய வருடம் அந்த மரியாதை பெற்றவர், அவர் வாழ்நாளெல்லாம் எதிர்த்த தாட்சர்.

கடைசியாக, கேட்டவரை அதிகம் உறுத்திய மூத்த மகன் விஷயம். 1963 சட்டப்படி துறப்பது துறந்தவரின் ஆயுளுக்கு மட்டும்தான். பட்டம் அழிவதில்லை, தூங்குகிறது. அவர் இறந்ததும் அடுத்த வாரிசுக்குப் போய்விடும். அந்த வாரிசுக்கும் வேண்டாமென்றால் மறுக்க ஒரு வருடம் அவகாசம் உண்டு, அவர் எம்.பி.யாக இருந்தால் ஒரே மாதம். ஆகவே 2014இல் ஸ்டீஃபன் பென் மூன்றாவது விஸ்கவுண்ட் ஸ்டான்ஸ்கேட் ஆனார், மறுக்கவில்லை. 1999 சீர்திருத்தத்தில் பரம்பரைப் பிரபுக்களில் 92 பேர் தவிர மற்றவர்கள் வெளியேற்றப்பட்டிருந்ததால், பட்டம் இருந்தும் சபைக்குள் அவருக்கு இடம் தானாகக் கிடைக்கவில்லை. காலியாகும் இடத்துக்கு அப்போது நடந்துவந்த பிரபுக்களின் இடைத்தேர்தல் வழியாக 2021இல் லேபர் உறுப்பினராக நுழைந்தார். அப்பா வாங்கிய உரிமை வேண்டாமென்று சொல்லும் உரிமை. மகன் அதைப் பயன்படுத்தவில்லை. இதை அப்பாவின் தோல்வி என்று கணக்கில் எழுதுவது சரியாகாது. மகனின் முடிவு என்றே எழுத வேண்டும்.